பெற்றோருக்கும் சின்னம்மை வந்தால்: வீட்டிலேயே சமாளிக்க முழுமையான வழிகாட்டி

சின்னம்மை குழந்தைகளுக்கு வந்து போகும் நோய் என்ற நினைப்பு பெரியவர்களுக்குத்தான் ஆபத்தாக முடிகிறது. குழந்தைக்கு ஒரு வாரக் காய்ச்சலும் அரிப்புமாகக் கழிந்துவிடும் அதே கிருமி, வளர்ந்தவர் உடம்பில் கூடுதலாக ஆட்டிவைக்கும். காய்ச்சல் அதிகமாக அடிக்கும், கொப்புளங்கள் நிறைய வரும், நுரையீரலைப் பாதிக்கும் அபாயமும் பல மடங்கு அதிகம். அப்படியிருந்தும் வீட்டில் நடப்பது வேறு. குழந்தையைக் கவனித்து முடித்துவிட்டு, தனக்கு வந்த புண்களை இரண்டு நாள் கழித்துத்தான் அம்மாவோ அப்பாவோ மருத்துவரிடம் காட்டுகிறார்கள். சின்னம்மையில் இந்த வரிசை மாற வேண்டும். பெரியவருக்குப் பலன் தரும் மருந்தை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குழந்தைக்கு அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை.

முதல் நாள்: வீட்டில் யாருக்கு எதிர்ப்பு இருக்கிறது?

குழந்தைக்கு அம்மை போட்டிருப்பது தெரிந்த அன்றே, வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இவருக்கு முன்பு சின்னம்மை வந்திருக்கிறதா, அல்லது தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறாரா? இரண்டில் ஒன்றுக்கு உறுதியாக "ஆம்" என்றால் அவர் பெரும்பாலும் பாதுகாப்பானவர், நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம். "நினைவில்லை" என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அங்கும் தெளிவு கிடைக்காவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

எதிர்ப்பு இல்லாத ஒருவர் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேர் வரை தொற்றிக்கொள்வார்கள். கொப்புளத்தைத் தொட்டால் மட்டுமல்ல, ஒரே அறையில் மூச்சு விட்டாலே பரவும் நோய் இது. புண் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே குழந்தை கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். அதனால் அடையாளம் கண்ட பிறகு உடன்பிறந்தவர்களை வேறு அறைக்கு மாற்றுவதில் பெரிய பயன் கிடைப்பதில்லை. பிரித்துவைக்கும் முயற்சி முழுவதையும் மூன்று வகையினருக்காகச் செலவிடுங்கள்: எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் எல்லாம் மூன்றாவது வகையில் சேர்வார்கள்.

இவர்களில் யாராவது ஏற்கெனவே நோயாளியின் அருகில் இருந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். இவர்களுக்கென எதிர்ப்பொருள் ஊசி ஒன்று இருக்கிறது. தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போடலாம், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த ஊசி போட்டவர்களுக்கு நோய் 28 நாள் வரை தாமதித்துத் தலைகாட்டலாம் என்பதால் கண்காணிப்பையும் அதுவரை நீட்ட வேண்டும்.

ஆரோக்கியமாக இருக்கும், கர்ப்பமில்லாத, எதிர்ப்பு இல்லாத பெரியவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. தொடர்பு ஏற்பட்ட 3 நாளுக்குள், தள்ளிப்போனாலும் 5 நாளுக்குள், சின்னம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வந்து போகலாம். இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் ஆன ஊசி. அதனால் கர்ப்பிணிக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கும் இதைப் போடுவதில்லை.

காத்திருக்கும் இரண்டு வாரம்

கிருமி உள்ளே போனதிலிருந்து புண் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலோருக்கு 14 முதல் 16 நாளில் தெரியும். குழந்தை தேறி, பொருக்கெல்லாம் உதிர்ந்து, வீடு மூச்சு விடும் நேரத்தில் உங்களுக்கு ஆரம்பிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் குழந்தைக்கு முதல் புண் தெரிந்த தேதியையும், அதிலிருந்து 8-ஆம் நாளையும் 21-ஆம் நாளையும் குறித்துவையுங்கள். எதிர்ப்பு இல்லாத நீங்கள் அந்த 8-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை, புண் எதுவும் தெரியாவிட்டாலும், பிறருக்குப் பரப்பக்கூடியவர் என்றே நடந்துகொள்ள வேண்டும். மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் இதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். முதல் வேலை, மருத்துவரிடம் போனில் பேசுவது. "எனக்குச் சின்னம்மை வந்ததில்லை, குழந்தைக்கு இந்தத் தேதியில் தொடங்கியது. எனக்குப் புண் தெரிந்தால் அன்றே மருந்து தொடங்க என்ன செய்ய வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, தினமும் சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். விடுமுறை நாளில் ஆரம்பித்தால் யாரை அழைப்பது என்பதையும் கேட்டுவையுங்கள். இந்த ஐந்து நிமிடப் பேச்சு பின்னால் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை அதிகமில்லை. தெர்மாமீட்டர், விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பாரசிட்டமால் (பெரியவருக்கு மாத்திரை, குழந்தைக்கு சிரப்), காலமைன் லோஷன், ஓஆர்எஸ் பொட்டலங்கள், நகவெட்டி, தளர்வான பழைய பருத்தி உடைகள், மாற்றிப் போட இரண்டு மூன்று படுக்கை விரிப்புகள் இருந்தால் போதும். இவற்றைவிட முக்கியம், அழைத்தால் வந்து மூன்று நான்கு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளக்கூடிய, எதிர்ப்பு உள்ள ஒரு மனிதர். அவரிடம் இப்போதே பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். காய்ச்சல் அடிக்கும் இரவில் ஆள் தேடுவது கடினம்.

புகை பிடிப்பவராக இருந்தால் இந்த இரண்டு வாரத்திலேயே நிறுத்திவிடுங்கள். பெரியவர்களுக்குச் சின்னம்மையால் வரும் நிமோனியா, புகைப்பவர்களையே அதிகமாகத் தாக்குகிறது.

உங்களுக்குத் தொடங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது

குழந்தைகளுக்குப் பல சமயம் புண்தான் முதலில் தெரியும். பெரியவர்களுக்கு அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே உடம்பை அடித்துப் போட்டாற்போல வலி, தலைவலி, காய்ச்சல், பசியின்மை எல்லாம் வந்துவிடும். குறித்துவைத்த நாட்களுக்குள் இப்படி ஆனால் சாதாரணக் காய்ச்சல் என்று தள்ளிவிடாமல், காலையும் மாலையும் சட்டையைக் கழற்றி நெஞ்சு, முதுகு, முடியோரம், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

முதலில் சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும். சில மணி நேரத்தில் அது தடித்து, சிவந்த அடிப்பரப்பில் பனித்துளி உட்கார்ந்தாற்போல நீர்க்கொப்புளமாகும். பிறகு நீர் கலங்கி, நடுவில் குழிந்து, காய்ந்து பொருக்காகும். மூன்று முதல் ஐந்து நாள் வரை புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால், ஒரே இடத்தில் புள்ளி, கொப்புளம், பொருக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். சின்னம்மையை அடையாளம் காட்டும் அறிகுறி இதுதான். முகத்திலும் உடற்பகுதியிலும் அதிகமாகவும் கைகால்களில் குறைவாகவும் இருக்கும். எல்லாப் புண்களும் ஒரே நிலையில், கெட்டியாக, உள்ளங்கை உள்ளங்காலில் கூடுதலாக, கழுத்து அல்லது கவட்டில் நெறி கட்டிக்கொண்டு வந்தால் வேறு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தடுப்பூசி போட்டவருக்கு நோய் வந்தால் பெரும்பாலும் 50-க்கும் குறைவான புண்களோடு, நீர் கோக்காமலே, பூச்சிக்கடி போல வந்து போகும். அதுவும் தொற்றும்.

முதல் 24 மணி நேரம்

புண் கண்ணில் பட்டதும் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு மருத்துவரை அழையுங்கள். நேரில் வரச் சொன்னால், சின்னம்மை என்று முன்கூட்டியே சொல்லி, காத்திருக்கும் அறையில் உட்காராமல் உள்ளே போக ஏற்பாடு கேளுங்கள். அதே அறையில் ஒரு கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கக்கூடும்.

பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படும் மருந்து அசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை, 5 முதல் 7 நாள். இதற்குப் பதிலாக வாலசைக்ளோவிர் 1000 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை தருவதும் உண்டு. வேளை குறைவு என்பதால் காய்ச்சலில் கிடப்பவருக்கு விட்டுப்போகாமல் சாப்பிட இது எளிது. இரண்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துகள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு அளவு குறையும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு மாத்திரை போதாமல் நரம்பு வழியாகவே ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்த 24 மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1992-இல் வெளியான, அமெரிக்கக் கடற்படை மருத்துவமனையில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், புண் தெரிந்த முதல் நாளுக்குள் அசைக்ளோவிர் தொடங்கியவர்களுக்குக் கொப்புளங்கள் குறைந்தன, பொருக்குத் தட்டும் காலமும் ஏறத்தாழ இரண்டு நாள் குறைந்தது. அதற்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம் எளிது. கிருமி பெருகுவதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது, ஏற்கெனவே பெருகிவிட்டதை அழிப்பதில்லை. ஆனாலும் ஒரு நாள் கடந்துவிட்டதே என்று மருத்துவரை அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும், நோய் கடுமையாக இருப்பவர்களுக்கும், மூச்சுப் பிரச்சினை தொடங்கியவர்களுக்கும் தாமதமானாலும் மருந்து கொடுப்பது உண்டு.

ஐந்து வேளை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் மணி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாத்திரையோடும் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றிய நிலையில் இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து தொல்லை தரும். புண்கள் காய ஆரம்பித்ததும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை முடியுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களும் பொதுவாக இதைச் சாப்பிடலாம்.

12 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு இந்த மருந்து வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. வீட்டில் இரண்டாவதாகப் பாதிக்கப்படும் குழந்தைக்கு நோய் முதல் குழந்தையைவிடக் கடுமையாக வருவது உண்டு. நெருக்கத்தில் உள்ளே போகும் கிருமியின் அளவு அதிகம் என்பதால் இப்படி நடக்கிறது. இரண்டாவது குழந்தைக்கும், தோல் அல்லது நுரையீரல் நோய் உள்ள குழந்தைக்கும், 12 வயதுக்கு மேற்பட்டவருக்கும் மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமானது.

காய்ச்சலுக்கு எது, எது கூடாது

பாரசிட்டமால் மட்டும் போதும். பெரியவருக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4000 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவருக்கும், மது அருந்துபவருக்கும், 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் இதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கிறது. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் தெரியாமலே அளவு கூடிவிடும்.

குழந்தைக்கு எடைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 180 மி.கி. வேண்டும் என்றால், 5 மி.லி.-க்கு 120 மி.கி. என்று அச்சிட்ட சிரப்பில் அது 7.5 மி.லி., 5 மி.லி.-க்கு 250 மி.கி. உள்ளதில் 3.6 மி.லி. ஒரே பெயரில் வரும் இரண்டு பாட்டில்களில் மருந்தின் செறிவு இரட்டிப்பாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் பாட்டிலைப் பார்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் கொடுக்கவே கூடாது. சின்னம்மையின்போது ஆஸ்பிரின் சாப்பிட்ட குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வருவதுண்டு. வேறு நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளை என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐபுபுரோஃபெனையும் பெரியவர், குழந்தை இருவருக்கும் தவிர்த்துவிடுங்கள். சின்னம்மையின்போது அதைச் சாப்பிட்டவர்களிடம் தோலின் அடித்திசு வரை பரவும் கடுமையான பாக்டீரியாத் தொற்று அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. சிறு காய்ச்சலை இறக்க அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

அரிப்பு: இரவுகள்தான் கடினம்

அரிப்பை முழுதாக நிறுத்தும் மருந்து கிடையாது. ஒன்றோடு ஒன்று சேர்த்துக் குறைக்கத்தான் முடியும். சூடும் வியர்வையும் அரிப்பைக் கிளறிவிடும். அறையைக் காற்றோட்டமாக வையுங்கள், கம்பளியை ஒதுக்குங்கள், இறுக்கமான உடையையும் செயற்கை இழைத் துணியையும் விட்டுத் தளர்ந்த பருத்தி போடுங்கள். காய்ச்சல் என்று குழந்தையைப் போர்த்திப் போர்த்தி வைப்பது அரிப்பையும் காய்ச்சலையும் ஒன்றாகக் கூட்டும்.

குளிக்கலாம், குளிக்க வேண்டும். ஒரு வாரம் குளிக்காத தோலில் சேரும் வியர்வையும் அழுக்கும், சொறிந்து திறந்த புண்ணுக்குள் பாக்டீரியாவைக் கொண்டுபோகும். வெதுவெதுப்பான அல்லது சற்றே குளிர்ந்த தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை போதும். கைப்பிடி ஓட்ஸை மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் வரும் வெண்மையான சாறு தோலை ஆற்றும். மணமில்லாத மென்மையான சோப்பு மட்டும் பயன்படுத்துங்கள், நார் போட்டுத் தேய்க்காதீர்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். துடைத்தால் கொப்புளத்தின் மேல்தோல் வழண்டுவிடும். சுடுநீர் ஊற்றிக்கொண்டால் அந்த நிமிடம் இதமாக இருக்கும், அரை மணி கழித்து அரிப்பு இரட்டிப்பாகும்.

ஈரம் காய்ந்ததும் காலமைன் லோஷனைப் பாட்டிலைக் குலுக்கிப் பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பூசுங்கள். மூன்று நான்கு முறை பூசலாம், கண்ணருகிலும் வாயினுள்ளும் வேண்டாம். முந்தைய பூச்சைக் கழுவாமல் மேலே மேலே பூசினால் அது கெட்டியாக இறுகித் தோலை வறட்டி அரிப்பை அதிகமாக்கும். டால்கம் பவுடர், மாவுப்பொடி எதையும் தூவாதீர்கள், ஈரப்புண்ணில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் நீரில் கலப்பது திறந்த புண்ணை எரிக்கும், நன்மை இல்லை. மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு களிம்பையோ, ஒவ்வாமை மருந்து கலந்த பூச்சையோ உடம்பெங்கும் தடவ வேண்டாம். பிந்தியது குழந்தையின் திறந்த தோல் வழியே ரத்தத்தில் அதிகமாக ஏறிவிடும்.

தூக்கம் கெடுமளவு அரித்தால் ஒவ்வாமை மாத்திரை உதவும். பெரியவருக்குப் பகலில் செட்டிரிசின் 10 மி.கி. ஒருமுறை, இரவில் தூக்கம் தரும் குளோர்ஃபெனிரமின் என்று மருத்துவர் சொல்லலாம். இரண்டாவதைச் சாப்பிட்டவர் வண்டி ஓட்டக் கூடாது, கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. குழந்தைக்கு மருந்தும் அளவும் மருத்துவர் சொன்னபடிதான்.

நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். குழந்தைக்கு இரவில் மெல்லிய பருத்திக் கையுறையோ சாக்ஸோ மாட்டலாம். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத் துணியை ஒரு நிமிடம் வைத்து அழுத்துவது சொறிவதற்கு நல்ல மாற்று. ஆண்கள் முகம் மழிப்பதை முழுதாக நிறுத்துங்கள், சவரக்கத்தி ஒரே இழுப்பில் பத்துப் புண்களைத் திறந்துவிடும். தலையில் புண் இருக்கும்போது சீப்பைத் தவிர்த்து விரலால் கோதிவிடுங்கள்.

வாய், கண், மறைவிடம்

வாய்க்குள் வரும் கொப்புளங்கள் சீக்கிரம் உடைந்து புண்ணாகும். குழந்தை சாப்பிட மறுக்க இதுதான் காரணம். காரம், புளிப்பு, உப்பு, சூடு, மொறுமொறுப்பு இந்த ஐந்தையும் சில நாள் விலக்கி, ஆறிய, குழைந்த, குளிர்ச்சியான உணவைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஓரிரு நாள் சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. பெரியவர்கள் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரால் வாய் கொப்பளிக்கலாம்.

மறைவிடத்தில் புண் வந்தால் சிறுநீர் கழிக்கும்போது எரியும். வலிக்குப் பயந்து குழந்தைகள் அடக்கிவைத்துக்கொள்வார்கள். கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றிக்கொண்டிருந்தால் எரிச்சல் குறையும். டயப்பர் போடும் குழந்தையை முடிந்த நேரமெல்லாம் திறந்து விடுங்கள்.

இமைத்தோலில் ஒன்றிரண்டு புண் வருவது சகஜம். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முழுதாகக் குணமாகும் வரை கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

நீங்கள் படுத்திருக்கும்போது வீட்டை நடத்துவது

நோய் உச்சத்துக்கு வரும் 2-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள் வரை உங்களால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. அந்த நாட்களுக்குக் குறைந்தபட்சம் எது நடந்தாக வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள்: எல்லோருக்கும் தண்ணீர், மருந்து நேரம், எளிய உணவு, ஒரு குளியல். மற்றவை காத்திருக்கும். குழந்தைக்கு டிவி கொஞ்சம் அதிகமானால் எந்தக் கேடும் வந்துவிடாது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே மருந்து, அளவு, நேரம், காய்ச்சல், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். காய்ச்சல் மயக்கத்தில் "கொடுத்தோமா இல்லையா" என்று குழம்பி இரண்டாம் முறை கொடுத்துவிடுவது இந்த நாட்களில் அடிக்கடி நடக்கும் தவறு. கணவனும் மனைவியும் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில் இந்தத் தாள் இல்லாமல் இருக்கவே கூடாது.

சிறுநீர்தான் நீர்ச்சத்தின் அளவுகோல். வெளிர் நிறமாக வழக்கம்போல் வந்தால் சரி. குழந்தை 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், வாய் உலர்ந்திருந்தால் மருத்துவரை அழையுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவர் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. மார்பில் காம்பருகே கொப்புளம் இருந்தால் அது காயும் வரை அந்தப் பக்கத்துப் பாலைக் கறந்து, புண்ணில் படாமல் கொடுக்கலாம். ஆனால் பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குப் புண் தொடங்கியிருந்தால் அது அவசரநிலை. தாயின் எதிர்ப்பொருள் போய்ச் சேருவதற்குள் கிருமி மட்டும் குழந்தைக்குப் போயிருக்கும். அந்தச் சிசுவுக்கு உடனே எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படும். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்கு நோய் வந்தால் மிகச் சிலருக்குக் கருவின் உறுப்புகள் பாதிக்கப்படலாம். எந்த மாதமானாலும் கர்ப்பிணி வீட்டில் சமாளிக்க முயலாமல் முதல் புள்ளியிலேயே மருத்துவரிடம் பேச வேண்டும்.

துணி, பாத்திரத்துக்குத் தனிச் சடங்கு எதுவும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் இந்தக் கிருமியை அழித்துவிடும். துண்டு, படுக்கை மட்டும் ஆளுக்குத் தனியாக இருக்கட்டும், விரிப்பைத் தினமும் மாற்றுங்கள், லோஷன் பூசிய பிறகு கை கழுவுங்கள்.

மூச்சைக் கவனியுங்கள்

பெரியவர்களுக்கு வரும் சிக்கல்களில் மிக மோசமானது நுரையீரல் அழற்சி. பெரும்பாலும் புண் தெரிந்து ஒரு வாரத்துக்குள், புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்கும். சின்னம்மையில் இருமல் சாதாரணமல்ல. காலை, மாலை, தூங்கும் முன் மூன்று வேளையும் இதைச் செய்யுங்கள்: அமைதியாக உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள் (முடிந்தால் வேறொருவர் எண்ணட்டும்), ஆக்ஸிமீட்டர் அளவைக் குறியுங்கள், ஒரு நீண்ட வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்ஸிமீட்டர் தவறாகக் காட்டும், விரலைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பாருங்கள். ஓய்விலேயே நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, 94 சதவீதத்துக்குக் குறைந்த பிராணவாயு, பேச்சின் நடுவே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வேறு சில அறிகுறிகளுக்கும் அதே அவசரம் உண்டு. இவை பெரியவர், குழந்தை இருவருக்கும் பொருந்தும்:

• எழுப்ப முடியாத தூக்கம், குழப்பம், வலிப்பு, கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி
• நடை தள்ளாடுவது. குழந்தைகளுக்குச் சிறுமூளை அழற்சியால் இது வரலாம்
• புண்ணைச் சுற்றித் தோல் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டால் வலிப்பது. சீழ் வைப்பது
• புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி
• கொப்புளத்துக்குள் ரத்தம், தோலில் ஊதா நிறத் திட்டுகள்
• 4 நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், அல்லது 38.9 டிகிரி செல்சியஸுக்கு மேல் (102 டிகிரி ஃபாரன்ஹீட்) அடிக்கும் காய்ச்சல்
• கடும் வயிற்று வலி

காய்ச்சல் இறங்கி ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஏறினால் கூடுதல் கவனம் தேவை. சின்னம்மை அப்படித் திரும்பி ஏறுவதில்லை. தோலிலோ நுரையீரலிலோ பாக்டீரியா புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வேறு மருந்து வேண்டும்.

வெளியே போவதும் தழும்பும்

புதுப் புண் வருவது நின்று, இருக்கும் அத்தனை கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகே வேலைக்கும் பள்ளிக்கும் போகலாம். வழக்கமாகப் புண் தொடங்கி 5 முதல் 7 நாள் ஆகும், பெரியவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடலாம். பொருக்கு உதிரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, காய்ந்த பொருக்கிலிருந்து நோய் பரவாது. தலைமுடிக்குள்ளும் முதுகிலும் ஈரப்புண் மிச்சமிருக்கிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டும் லேசாக வந்து பொருக்கே தட்டாதவர்கள், கடைசிப் புதுப் புள்ளிக்குப் பிறகு 24 மணி நேரம் கழித்து வெளியே போகலாம். உடம்பின் அசதி பெரியவர்களுக்கு இரண்டு வாரம் வரை நீடிக்கலாம், முதல் நாளே முழு வேலையில் இறங்காதீர்கள்.

பொருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும். பிய்த்தாலும், புண்ணில் சீழ் வைத்தாலும்தான் குழிந்த தழும்பு நிலைக்கிறது. உதிர்ந்த இடத்தில் தெரியும் கருமையோ வெளிறலோ தழும்பு அல்ல, சில மாதங்களில் மங்கும். அதுவரை அந்த இடத்தை வெயிலிலிருந்து துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மறைத்துக்கொள்ளுங்கள், வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம் தடவுங்கள்.

குணமான பிறகும் கிருமி நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். பல ஆண்டு கழித்து, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, எரிச்சலும் வலியுமாகக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. அதற்கும் இதே மருந்துகள்தான். அதையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அக்கி வந்தவரின் கொப்புள நீர் பட்டால் எதிர்ப்பு இல்லாதவருக்குச் சின்னம்மை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் இந்த முறை தப்பித்தவர்கள் 21 நாள் கடந்ததும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகாஹாஷி 1974-இல் உருவாக்கிய ஓகா வகைக் கிருமியே இன்றும் பல நாடுகளில் இந்த ஊசிக்கு அடிப்படை. குழந்தைகளுக்கு முதல் தவணை 12 முதல் 15 மாதத்தில், இரண்டாவது 4 முதல் 6 வயதில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணை. பெரியவர்களுக்கு 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு தவணை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும்.